தடையா? தள்ளிவைப்பா?

“அந்தப் படத்தை மலேசியாவில் தடை செய்துவிட்டார்களாம்!” 2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் இப்படியொரு செய்தி பல நாடுகளில் பரவியது. டிஸ்னி நிறுவனத்தின் ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ என்பதே அந்தப் படம்.

நடந்ததோ வேறு. மலேசியத் திரைப்படத் தணிக்கை வாரியம் படத்தைத் தடை செய்யவில்லை. பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்க்கலாம் என அனுமதித்து, சில நிமிடக் காட்சியை மட்டும் நீக்கச் சொன்னது. பட நிறுவனம் அதற்கு இணங்கவில்லை. வெளியீட்டைத் தள்ளிவைத்து, மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டுக் குழு ஒப்புதல் அளிக்கவே, எந்தக் காட்சியும் வெட்டப்படாமல் மார்ச் 30ஆம் நாள் படம் திரைக்கு வந்தது.

‘தள்ளிவைப்பு’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவை. ‘தடை’ என்ற சொல்லுக்கு அது தேவையில்லை, கேட்டவுடன் பற்றிக்கொள்ளும். அதனால்தான் ஒரு சொல் இருந்த இடத்தில் மற்றொன்று வந்து அமர்ந்தது. காட்சியை நீக்கச் சொன்னது சரியா, தவறா என்று விவாதிக்க இடமுண்டு. ஆனால், விதிக்கப்படாத தடையைப் பற்றி விவாதித்து என்ன பயன்? படம் திரையிடப்பட்ட செய்தி, தடை என்ற வதந்தி சென்ற தூரம் செல்லவில்லை. பழி மட்டும் நாட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இன்றும் புலனத்தில், “இந்தப் படத்துக்கு அந்த நாட்டில் தடை!” என்ற செய்திகள் வருகின்றன. பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகள் போதும். தடை செய்தது யார்? எப்போது? அந்தத் தடை இன்னும் இருக்கிறதா? தீர விசாரிப்பதே மெய். விடை கிடைக்காத செய்தி, வந்த கைப்பேசியோடு நின்றுவிடுவதே நல்லது.