கடற்கண்ணியும் கொசுவும்

ஹைதராபாத்துக்கு வரும் உறவினர்களைச் சார்மினாருக்கு யாராவது கூட்டிப்போய்விடுவார்கள். நான் பேகம்பேட்டுக்கு அழைத்துப்போவேன். பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்ட் ராஸ் வேலை செய்த கட்டடம் இருக்கிறது. ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கொசுக்களைக்கொண்டு கடிக்கவிட்டு, கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் அவருக்குக் கூலி கொடுத்து, 1897 ஆகஸ்ட் 20 அன்று ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஊட்டிக்கருகே சீகூர் மலைச்சரிவில் அவரையே மலேரியா படுக்கவைத்திருந்தது. 1902இல் நோபல் பரிசு. இதுவரை பள்ளிக்கூடப் பாடம். எனக்குப் பிடித்த பகுதி இருபது வருஷம் கழித்து, கிரேக்கக் கடலில் நடக்கிறது. அதற்குள் போக வேண்டுமானால் முதலில் ஒரு நீர்மூழ்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அதன் பெயர் யு-73. முதல் உலகப்போரின்போது, 1915இல், ஜெர்மன் கடற்படையில் சேர்ந்தது. வேகம் போதாது, நீர்மட்டத்தில் ஓடினாலே மணிக்கு இருபது கிலோமீட்டருக்கும் குறைவுதான். துரத்திப் பிடிக்கிற வேலை அதற்கு ஆகாது. வயிற்றில் முப்பதுக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளைச் சுமந்துபோய், பின்பக்கக் குழாய்கள் வழியே கப்பல்கள் போகும் தடத்தில் இட்டுவிட்டு வந்துவிடும். கண்ணிவெடி என்பது இரும்பு உருண்டை. கடலடியில் கிடக்கும் எடையோடு கம்பியால் கட்டப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதக்கும். அதன் ஈயக் கொம்புகளுக்குள் கண்ணாடிக் குப்பியில் அமிலம். கப்பல் மோதினால் கொம்பு நசுங்கும், குப்பி உடையும், மின்கலம் உயிர்பெறும், அவ்வளவுதான். இட்டவர்கள் அதற்குள் வேறு கடலில் இருப்பார்கள். யார் மாட்டினார்கள் என்பதே பிறகுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

1916 ஏப்ரலில் மால்டாவுக்கு வெளியே அது இட்ட கண்ணிகளில் 'ரஸ்ஸல்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் சிக்கியது. அக்டோபர் இறுதியில், கேப்டன் குஸ்டாவ் சீஸ் தலைமையில், கிரேக்கத்தின் கியா தீவையொட்டிய கால்வாயில் இன்னொரு வரிசை. நவம்பர் 21 காலையில் அதில் 'பிரிட்டானிக்' மோதியது. டைட்டானிக்கின் தங்கை, 48,000 டன், அப்போது ஆஸ்பத்திரிக் கப்பல். நோயாளிகளை ஏற்றிக்கொள்ளப் போய்க்கொண்டிருந்ததால் உள்ளே நோயாளிகள் இல்லை. அறைகளில் காற்றாடட்டும் என்று சன்னல்களைத் திறந்துவைத்திருந்தார்கள். தண்ணீர் அவற்றின் வழியாகவும் புகுந்தது. 55 நிமிஷத்தில் கதை முடிந்தது. 1,065 பேரில் இறந்தவர்கள் 30 பேர்தான். அவர்களிலும் பெரும்பாலோர், அவசரப்பட்டு இறக்கிய படகுகள் சுழன்றுகொண்டிருந்த கப்பலின் உந்துவிசிறிகளுக்குள் இழுக்கப்பட்டதால் மாண்டவர்கள்.

அந்தக் கப்பல் யாரை ஏற்றப் போயிற்று? கிரேக்கத்தின் சலோனிக்கா போர்முனையில் குண்டை விட மலேரியாவுக்கு விழுந்தவர்கள்தான் அதிகம். ஸ்ட்ரூமா ஆற்றுச் சதுப்பில் முகாமிட்ட பிரிட்டிஷ் படையில் மலேரியாவுக்கென ஆஸ்பத்திரியில் சேர்ந்த கணக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. நோயாளிகளை மால்டாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1917இல் ஆஸ்பத்திரிக் கப்பலுக்கும் பாதுகாப்பில்லை என்றானதும் அந்த வழி அடைபட்டது. சலோனிக்காவிலேயே கொட்டகை போட்டு வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று, கொசு பறக்கிற அதே மண்ணில்.

நீர்மூழ்கிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மூழ்கிய டன்களைக் கூட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். கப்பல் வராததால் அந்த மண்ணிலேயே மறுபடி மறுபடி காய்ச்சல் கண்டவர்களை எந்தப் பட்டியலிலும் காணோம். என் கணக்கில் அவர்களும் யு-73 போன்றவற்றின் இலக்குகள்தான். கண்ணி கடலை அடைத்தது, கொசு மீதியைப் பார்த்துக்கொண்டது.

இந்த மலேரியாவுக்கு ஆலோசனை சொல்ல பிரிட்டிஷ் ராணுவ அலுவலகம் யாரைத் தேடியது? பேகம்பேட்டுக்காரரைத்தான். 1917 நவம்பரில், அறுபது வயதில், ராஸ் சலோனிக்காவுக்குப் புறப்பட்டார். மூன்று வருஷம் முன்பே, போர் தொடங்கிய மாதத்திலேயே, மூத்த மகனை பிரான்ஸ் களத்தில் இழந்திருந்தவர். வழியில், கிரேக்கத்தின் லூக்காடியா பாறைக்குப் பக்கத்து விரிகுடாவில் அவர் சென்ற கப்பலையும் டார்பிடோ தேடி வந்தது, தப்பித்தார். போய்ச் சேர்ந்து கொசுவைப் பற்றிப் பேசினார். யு-73ஐ, 1918 அக்டோபர் இறுதியில் தங்கள் தளமாயிருந்த போலா துறைமுகத்தைக் காலி செய்தபோது, ஜெர்மானியர்களே வெடிவைத்து மூழ்கடித்தார்கள்.