இதற்கு மேல் முடியாது, தீதி

1990களில் இந்திய வீடுகளுக்குள் நுழைந்த அந்தப் பெட்டிக்கு உருப்படியான பெயர் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் தாளில் ஜப்பானிய வாடையடிக்கும் ஏதோ ஒரு சொல் இருக்கும். அடுத்த தெருக்காரர் வாங்கிய அதே பெட்டியில் வேறு சொல் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது 'வீடியோ கேம்', அவ்வளவுதான். வெளிர்நிற பிளாஸ்டிக் கூடு, இரண்டு கன்ட்ரோலர்கள், ஒரு துப்பாக்கி, மஞ்சள் நிற கேசட், ஒரு அடாப்டர். உத்தரவாதச் சீட்டு பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும், அதை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்பது யாருக்கும் தெரியாது.

அசல் பெட்டிக்குப் பிறந்த தேதி உண்டு. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற பெயரில் அதை 14,800 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் பொறியாளர் மசாயுகி உவேமுரா. பெட்டியின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். 1985இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இன்று ஒரு செல்போன் புகைப்படத்துக்கே அதைப்போல் பல மடங்கு இடம் தேவை. அசல் பெட்டியும் வெளிநாடுகளுக்கான அதன் வடிவமும் சேர்ந்து 6 கோடியே 19 லட்சம் விற்றன.

நகல்களுக்கு இப்படிக் கணக்கு ஏதும் இல்லை. அசலில் தனித்தனியாக இருந்த சில்லுகளை ஒன்றாகச் சுருக்கி, தைவானிலும் சீனாவிலும் செய்து தள்ளினார்கள். அனுமதி வாங்கும் பேச்சே இல்லை. ரஷ்யாவில் அது 'டென்டி'யாகி, ஒரு யானைக் குட்டியைச் சின்னமாக்கிக்கொண்டது. போலந்தில் 'பெகாசஸ்' ஆனது. இந்தியக் கடைத்தெருக்களில் பல பெயர்களில் அடுக்கி வைக்கப்பட்டது. ஒரு தலைமுறை மரியோவை முதன்முதலாகச் சந்தித்தது இந்தக் கள்ளப் பெட்டிகளில்தான்.

நாக்பூரின் அஜனி ரயில்வே குடியிருப்பில் 1996 மே மாதம் அப்படி ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. வாங்கியவர் சரக்கு ரயில் டிரைவர். ஒரு பக்கம் இடார்சி, மறு பக்கம் பல்லார்ஷா என்று நிலக்கரி இழுப்பவர். ஓடிய கிலோமீட்டருக்குக் கிடைக்கும் படியைச் சேர்த்துவைத்து, பன்னிரண்டு வயது மகளுக்காக வாங்கினார். அந்த மகளுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது, பள்ளி ஆசிரியை. 2024 கோடையில் அந்தப் பெட்டி நின்றுபோனபோது அதைத் துணிப்பையில் போட்டு சீதாபுல்டிக் கடைத்தெருவுக்குத் தூக்கிச் சென்றவர் அவர்தான்.

மகளுக்கென்று வந்த பெட்டியை வீடே சொந்தமாக்கிக்கொண்டது. 9,999 விளையாட்டுகள் என்று கேசட்டின் மேல் அச்சடித்திருந்ததை டிரைவர் நம்பவில்லை. தாளில் 58 வேகன் என்று எழுதியிருந்தால் வண்டியில் 58 வேகன் இருந்தாக வேண்டும் என்ற உலகத்திலிருந்து வந்தவர் அவர். இரவுப் பணி முடிந்து வந்த ஒரு காலையில் உட்கார்ந்து பட்டியலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இருபத்தொன்றுக்குப் பிறகு பழைய சரக்கே வேறு பெயரில் வந்துகொண்டிருந்தது. டேங்க் விளையாட்டின் ஐந்தாவது கட்டம் ஒரு தனி விளையாட்டு. பத்தாவது கட்டம் இன்னொன்று. "மிச்சம் 9,978 வேகன்களை எந்த ஸ்டேஷனில் கழற்றிவிட்டார்கள்?" என்றார். குடும்பத்தில் இன்றும் உலவும் நகைச்சுவை அது.

அம்மாவுக்குத் துப்பாக்கி பிடித்திருந்தது. முட்டைகூட நுழையாத வீட்டில், பகல் சமையல் முடிந்ததும் அவர் ஒரு கட்டு வாத்துகளைச் சுட்டு வீழ்த்திவிட்டுத்தான் படுப்பார். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையிலிருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழுந்தது, பார்க்காவிட்டால் பறந்தது. பழைய குழாய்த் திரை டிவியின் வேகத்தை நம்பி அமைத்த ஏற்பாடு அது. 2012இல் சுவரில் தட்டையான டிவி ஏறியதும் துப்பாக்கி குருடாகிவிட்டது. பெட்டிக்கு வந்த முதல் ஊனம் அதுதான். அம்மா ஒன்றும் சொல்லாமல் துப்பாக்கியைப் பரணில் போட்டார்.

அப்பாவுக்கும் மகளுக்கும் டேங்க். 1985இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'பேட்டில் சிட்டி' என்பது அதன் சரியான பெயர். திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. அதற்கு இடப்பக்கம் மஞ்சள் டேங்க், வலப்பக்கம் பச்சை டேங்க். மேலேயிருந்து எதிரிகள் ஒரு கட்டத்துக்கு 20 பேர் வீதம் இறங்கி வருவார்கள். கழுகு விழுந்தால் ஆட்டம் முடிந்தது. கையில் எத்தனை உயிர் மிச்சமிருந்தாலும் பயனில்லை. தப்பித் தவறிக் கூட்டாளியைச் சுட்டால் அவர் சில கணங்கள் அசையாமல் நிற்பார். மஞ்சள் மகளுக்கு. பச்சை அப்பாவுக்கு. மகள் முன்னேறிச் சென்று வேட்டையாடுவார். அப்பா கழுகை விட்டு நகரமாட்டார். "லைனில் போகிறவர் போகட்டும், கேட்டில் ஒருவர் நிற்க வேண்டும்" என்பார்.

மகள் கல்லூரிக்குப் போனார், மணமானார், அதே ஊரில் வேறு வீட்டுக்குப் போனார். 2006இல் அப்பா ஓய்வு பெற்று ரயில்வே குடியிருப்பைக் காலி செய்தபோது பெட்டியும் லாரியில் ஏறியது. ஞாயிறுகளில் மகள் வந்தால் ஒரு சுற்று உண்டு. கேசட் எடுக்காவிட்டால் கழற்றி ஊதுவார்கள். இந்தியா முழுக்க எல்லோரும் செய்த வைத்தியம். ஊதுவதால் ஒரு பயனும் இல்லை. மூச்சின் ஈரம் செப்பு முனைகளை அரிக்கத்தான் செய்யும், ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. மறுபடி செருகும்போது முனைகள் சரியாகப் பொருந்துவதுதான் அந்த வைத்தியத்தின் ரகசியம். இதைச் சொன்ன பிறகும் அப்பா ஊதுவதை நிறுத்தவில்லை.

2016இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. பேச்சு பாதி போயிற்று. மகள் ஒரு ஞாயிறன்று, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பெட்டியை இணைத்து இரண்டாவது கன்ட்ரோலரை அவர் மடியில் வைத்தார். அந்தக் கன்ட்ரோலரில் திசை காட்டும் சிலுவைப் பொத்தான் இடது கட்டைவிரலுக்கு. சுடும் பொத்தான் வலது கட்டைவிரலுக்கு. ஆகவே அவரால் நகர முடியும், சுட முடியாது. பச்சை டேங்க் சிறிது நேரம் தடுமாறியது. பிறகு கழுகுக்கு முன்னால் போய் நின்றது. குண்டு எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் நகர்ந்து அதை வாங்கிக்கொண்டது. உயிர் போனால் அடுத்த உயிரோடு திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. மூன்று ஆண்டுகள், ஏறக்குறைய எல்லா ஞாயிறுகளும் அப்படித்தான் ஆடினார்கள். 35 கட்டங்கள் உள்ள ஆட்டத்தில் பதினொன்றைத் தாண்டியதில்லை. 2019இல் அவர் இறந்தார்.

சீதாபுல்டி மாடிக் கடை ஒன்றில் பழுது பார்ப்பவர் பெட்டியை வாங்கி, சிரிக்காமல் திறந்தார். அது நல்ல அறிகுறி. அடாப்டரை அளந்தார், சரியாக இருந்தது. ஐந்து வோல்ட் ரெகுலேட்டரை மாற்றினார். வயதானால் உள்ளே வறண்டுபோகும் கண்டென்சர்கள் மூன்றைக் கழற்றிப் புதிதாக வைத்தார். கேசட் செருகும் அறுபது முனைப் பள்ளத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். திரை சாம்பல் நிறத்தை விட்டு மாறவில்லை. கடைசியாகப் பலகையின் நடுவில் விரலை வைத்து, சுட்டதுபோல் உடனே எடுத்தார். அங்கே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று இருந்தது.

"இதற்கு மேல் முடியாது, தீதி" என்றார்.

நகல்களின் மலிவுக்குக் காரணமே அந்தப் பொட்டுதான். அசல் பெட்டியில் சில்லுகளுக்குக் கால்கள் உண்டு, மேலே எண் உண்டு. கெட்டால் கழற்றி இன்னொன்றைப் பற்றவைக்கலாம். நகலில் சில்லை நேரே பலகைமீது ஒட்டி, முடியைவிட மெல்லிய கம்பிகளால் இணைத்து, மேலே பிசினை ஊற்றிவிடுவார்கள். பெயர் இல்லை, எண் இல்லை, கால்கள் இல்லை. திறந்தால் உடையும். செய்தவர்கள் அதைப் பழுது பார்க்க ஒருவர் வருவார் என்று எண்ணியே இருக்கவில்லை. இந்தப் பெட்டி 28 ஆண்டுகள் ஓடியது அவர்களையே வியக்க வைத்திருக்கும்.

அசலுக்கும் முடிவு வராமல் இல்லை. நின்டெண்டோ 2003இல் அதன் உற்பத்தியை நிறுத்தியது. உதிரி பாகங்கள் கிடைக்காததால் 2007 அக்டோபரோடு பழுது பார்ப்பதையும் நிறுத்தியது. உவேமுரா 2021 டிசம்பரில் காலமானார். கியோட்டோ அருகே ஊஜியில், சீட்டுக்கட்டுகள் தயாரித்த, பிறகு பழுது பார்க்கும் மையமாகவும் இருந்த தொழிற்சாலைக் கட்டடத்தில் 2024 அக்டோபரில் நின்டெண்டோ அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நகலுக்கு அருங்காட்சியகம் இல்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் மின்னணுக் கழிவு விதிகள், பயன்முடிந்த பொருளுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகின்றன. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? குப்பையிலும் போட முடியாது. அந்தக் காலப் பற்றவைப்பில் ஈயம் உண்டு.

ஆசிரியையின் மகன், பதினைந்து வயது, இதற்கெல்லாம் ஏன் வருந்த வேண்டும் என்று கேட்டான். தன் செல்போனில் அதே டேங்க் விளையாட்டை ஐந்து நிமிடத்தில் ஓடவிட்டுக் காட்டினான். அதே செங்கல், அதே கழுகு, அதே தொடக்க இசை. அவன் சொல்வது தப்பில்லை. விளையாட்டு சாகவில்லை, அது நிரல், எத்தனை முறை வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். பெட்டி மட்டும்தான் செத்தது. அந்தப் பெட்டி எதையும் நினைவில் வைத்துக்கொண்டதும் இல்லை. சுவிட்சை அணைத்தால் எடுத்த புள்ளிகள்கூட அழிந்துவிடும். அப்பா ஆடிய ஆயிரம் ஆட்டங்களில் ஒன்றின் சுவடுகூட அதற்குள் கிடையாது. செல்போன் திரையில் பச்சை டேங்க் மட்டும் இல்லை. ஒருவர் ஆடும்போது அது வருவதில்லை.

சுவடு வேறிடத்தில் இருந்தது. கடைக்காரர் வேலை மிச்சம் வைக்க விரும்பாதவர். கன்ட்ரோலர்களையும் திறந்து பார்த்திருந்தார். பொத்தான்களுக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு, அதில் கரி பூசிய சிறு வட்டங்கள். அழுத்தும்போது அவைதான் பலகையைத் தொட்டு மின்சாரத்தை இணைக்கின்றன. இரண்டாவது கன்ட்ரோலரில் சுடும் பொத்தானின் கரி கறுப்பாக இருந்தது. மேல், கீழ் பொத்தான்களுடையதும் கறுப்புதான். இடம், வலம் இரண்டில் மட்டும் கரி முற்றிலும் தேய்ந்து ரப்பர் வெளிறிக் கிடந்தது. "யாரோ பக்கவாட்டிலேயே ஆடியிருக்கிறார்கள். ரப்பர் என்னிடம் இருக்கிறது, முப்பது ரூபாய். மாற்றிவிடட்டுமா?" என்று கேட்டார்.

ஆசிரியை வேண்டாம் என்றார்.

பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட ஒப்புக்கொண்டார். கேசட் பள்ளம் இன்னும் நன்றாக இருக்கிறது, முனை தேய்ந்த இன்னொருவரின் பெட்டிக்கு ஆகும் என்றார் கடைக்காரர். அடாப்டரும் அதற்கே போகும். பலகையைப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் எடைக்குப் போடுவார். முதல் கன்ட்ரோலரையும் அவரே வைத்துக்கொள்ளலாம். பெட்டி பிழைக்கவில்லை என்றாலும் கண்டென்சர் வைத்தது வைத்ததுதான் என்று அதற்கான பணத்தை வாங்கிக்கொண்டார், ரெகுலேட்டருக்கு வாங்கவில்லை.

இரண்டாவது கன்ட்ரோலரைத் திருகிமூடி, கம்பியைச் சுற்றிக் கொடுத்தார். எதில் இணைக்கப்போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அந்த ரப்பர் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று ஆசிரியைதான் கேட்டார்.

"வெயில் படாமல் வையுங்கள், தீதி. நாக்பூர் வெயிலில் எதுவும் இளகிவிடும்" என்றார் கடைக்காரர்.