வறடு என்று சொன்ன மான்

இருபத்திரண்டு வருடமாக நான் சினைப்பையை விரலால்தான் அறிந்திருக்கிறேன். தோள்வரை பிளாஸ்டிக் உறை மாட்டி, மாட்டின் ஆசனவாய் வழியே கையை விட்டு, குடல் சுவருக்கு அப்பால் நழுவும் அந்தச் சிறு உருண்டையைப் பிடித்துப் பார்த்து, "இன்னும் பிடிக்கலைங்க, அடுத்த பருவத்துக்குக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்வது என் பிழைப்பு. கண்ணால் பார்த்ததெல்லாம் கல்லூரி நாட்களோடு சரி. மறுபடி பார்த்தது நார்வேயில், ஹித்ரா தீவு மான்களால்.

ஹித்ராவுக்குக் கடலுக்கடியில் 5.6 கிலோமீட்டர் சுரங்கச் சாலை. 1994-இல் திறந்தது, கடல்மட்டத்துக்கு 264 மீட்டர் கீழே இறங்கி ஏறுகிறது. காது அடைத்து மேலே வந்தால் பாறை, சதுப்பு, பைன் மரங்கள், விடாத அக்டோபர் மழை. செம்மான்களுக்குப் பேர்போன தீவு.

இங்கே மான் வேட்டை பணக்காரர் பொழுதுபோக்கு அல்ல, ஊர் வேலை. நான் போன குழுவில் இரண்டு பண்ணைக்காரர்கள், ஒரு மீன்பிடிப் படகுக்காரர், ஒரு பள்ளி ஆசிரியை. ஆண்டுதோறும் நூறு மீட்டர் தூரத்தில் ஐந்து குண்டு சுட்டுத் தேர்வில் தேறினால்தான் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகலாம். எத்தனை மான், எந்த வயது, ஆணா பெண்ணா என்பதற்கெல்லாம் ஒதுக்கீடு உண்டு. நாடு முழுக்க இப்போது ஆண்டுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் செம்மான்கள் வேட்டையில் விழுகின்றன. அவ்வளவு எடுத்தும் கூட்டம் குறையாமல் இருக்க வேண்டுமானால் எத்தனை மான் கன்று போடுகிறது என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் சில வட்டாரங்களில் வேட்டைக்காரர்களே கீழ்த்தாடையையும் கருப்பையோடு சேர்த்துச் சினைப்பைகளையும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்.

கொட்டகையில் அன்று காலை சுட்ட பெண்மான் கொக்கியில் தொங்கியது. குடலை மலையிலேயே எடுத்துவிட்டார்கள். இடுப்பெலும்புக்குள் கை விட்டுக் கருப்பையை எடுத்தது ஆசிரியை. அறுப்பதை விட, எதையும் உள்ளே விட்டுவிடாமல் அறுப்பதுதான் வேலை. கொழுப்போடு ஒரு சினைப்பை ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டால் கணக்கில் பாதி போச்சு. சீட்டில் எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதினார். பேனா மை ஃபார்மலினில் கரைந்துவிடும்.

குழுவில் மூத்தவர் மடியைத் தடவிப் பார்த்தார். சொட்டுப் பால் இல்லை. கூடக் கன்றும் வரவில்லை. "யெல்-கொல்லெ" என்றார். கொல்லெ என்றால் பெண்மான். யெல் என்றால் நம் ஊர் வறடு. "உன் ஊரில் இதை என்ன செய்வார்கள்?" என்று கேட்டார். இங்கே டாக்டர் என்றெல்லாம் அழைப்பது கிடையாது, எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள் என்றேன். "நாங்களும் அதைத்தான் செய்திருக்கிறோம்" என்று கொக்கியைக் காட்டினார்.

ஒரு வாரம் கழித்து ட்ரான்ட்ஹெய்ம் ஆய்வகத்தில் அதே எண் மேசைக்கு வந்தது. பச்சையாக வெட்டினால் சினைப்பை குழைந்துவிடும். ஃபார்மலினில் ஊறியபின் கொட்டைப்பாக்குப் போல இறுகுகிறது. அளவும் கிட்டத்தட்ட அதுதான். சவர பிளேடால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் சீவ வேண்டும், ஆனால் அடிவரை போகக்கூடாது. ஒரு ஓரம் ஒட்டியே இருந்தால் ஏடு புரட்டுவது போலத் திருப்பிப் பார்க்கலாம். நான் சீவியது கனமாகப் போனது. ஆய்வாளர் ஒன்றும் சொல்லாமல் பிளேடை வாங்கிக்கொண்டார். எங்கள் பாட்டி பாக்குவெட்டியை வாங்குவதும் இப்படித்தான்.

மூன்றாவது ஏட்டில் சுண்டைக்காய் பருமனில் வெளிர்மஞ்சளாக ஒன்று தெரிந்தது. கார்ப்பஸ் லூட்டியம். முட்டை வெளியேறிய இடத்தில் வளர்ந்து, கருவைத் தாங்கும் ஹார்மோனைச் சுரக்கும் சதை. இதைத்தான் இத்தனை வருடம் விரல் நுனியில் ஒரு மேடாகத் தடவி வந்திருக்கிறேன். மான்கள் இணைவது செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும். அது வேட்டைப் பருவத்துக்குள்தான் வருகிறது. அந்தச் சமயம் கருப்பையைக் கிழித்துப் பார்த்தாலும் வெறுங்கண்ணுக்குக் கரு அகப்படாது. சினைப்பைதான் முதலில் பேசுகிறது.

அதன் பேச்சை அப்படியே நம்பிவிடவும் கூடாது. முட்டை வெளியேறியது என்பதற்கு மட்டுமே அது சாட்சி; சினை தங்கியதற்கு அல்ல. பருவத்தின் முதல் முட்டை பல மான்களில் சூடு காட்டாமலே வெளியேறி, அதன் மஞ்சள் சதை சில நாளில் சுருங்கிவிடும். சினையான பிறகும் இரண்டாவதாக ஒரு மஞ்சள் சதை முளைப்பதுண்டு. எண்ணிக்கையை மட்டும் நம்பினால் இரட்டைக் கன்று என்று எழுதிவிடுவோம். செம்மானுக்கு இரட்டை மிக அபூர்வம். செப்டம்பர் தொடக்கத்தில் சுட்ட மானிடம் இந்த மஞ்சளைத் தேடுவதிலும் பொருளில்லை. ஆசிரியை தேதியை ஏன் அவ்வளவு அழுத்தி எழுதினார் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆய்வாளர் மற்ற சினைப்பையின் ஏடுகளைப் புரட்டினார். ஓரத்தில் சிறிய, துருநிறத் தழும்பு. போன சினையைத் தாங்கிய மஞ்சள் சதை, கன்று பிறந்தபின் சுருங்கிச் சிவந்து நிற்பது இது. இந்தத் தழும்புகளைக் கொண்டு மானின் பழைய ஈற்றைக் கணிக்க முடியும் என்று ஆய்வாளர் ரோல்ஃப் லாங்வாட்டனும் சகாக்களும் 1994-இல் எழுதினார்கள். சில நாளில் சுருங்கிவிடும் அந்த முதல் முட்டையின் சதை இவ்வளவு தடம் விடாது. அளவையும் நிறத்தையும் வைத்துப் பிரிக்க வேண்டும். பழகிய கண்ணுக்கே சில சமயம் தடுமாறும் இடம் இது.

ஆக, அந்த மான் வறடு அல்ல. போன இலையுதிர்காலத்தில் சினையாகி, கோடைத் தொடக்கத்தில் ஈன்றிருக்கிறது, கன்று தங்கவில்லை. மடி வற்றி, உடம்பு தேறி, மறுபடி பருவத்துக்கு வந்திருக்கிறது. கன்றை இழந்த மானும் சினையே பிடிக்காத மானும் மூத்தவர் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே சொல். நானும் என் ஊரில் எத்தனை மாடுகளை அந்தச் சொல்லால் சந்தைக்கு அனுப்பியிருப்பேன்! கன்று எப்படிப் போனது என்பதைத் தழும்பு சொல்லாது. அதைப் பிரசவித்த இடத்தில் யாராவது பார்த்திருக்க வேண்டும்.

வயதுக்குத் தாடை இருக்கிறது. பல்லின் வேரை அறுத்தால் மர வளையம் போல ஆண்டுக்கு ஒன்றாகச் சிமென்டம் வரிகள். அது வேறு மேசை, வேறு ஆள்.

படிவத்தில் வேட்டைக்காரர் கட்டத்தில் "யெல்" என்று இருந்தது. ஆய்வாளர் அதை அடிக்கவில்லை. பக்கத்துக் கட்டங்களில் மஞ்சள் 1, தழும்பு 1 என்று எழுதிவிட்டு அடுத்த பையை எடுத்தார். அதன் வாயைப் படகுக் கயிற்று முடிச்சாக இறுக்கியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் அவிழ்த்துப் பார்த்தவர், கடைசியில் தீவுக்காரர்களை ஏதோ திட்டியபடி கத்தரிக்கோலைத் தேடினார்.