வேலூருக்கு ஒரு பயணம்

திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் அவிநாசிபாளையம். என் கடைக்குட்டித் தம்பி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது இருபத்தாறு. குழந்தையிலிருந்தே ஓயாத சளி, இருமல். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. "பஞ்சுத் தூசி சேரலீங்க" என்றார் ஒருவர். காசநோய் என்று மாத்திரை கொடுத்தார் இன்னொருவர். அம்மா மட்டும், "சின்னதுல இவனை முத்தம் கொஞ்சுனா உப்புக் கரிக்கும் கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் மகளைத் தம்பிக்கே கட்டிவைக்க அம்மாவுக்கு ஆசை. அந்தப் பேச்சு நடக்கும்போதுதான் அவனுக்கு மறுபடி மூச்சுத் திணறல் வந்தது. திருப்பூரில் ஒரு டாக்டர், "வேலூர் சி.எம்.சி.க்குப் போயிட்டு வாங்க" என்றார்.

இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினோம். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்ததாம் அந்த ஆஸ்பத்திரி. இன்று எத்தனை மாநிலத்து ஜனங்கள்!

தம்பியின் முன்கையில் மருந்து வைத்து, லேசாக மின்சாரம் செலுத்தி, அரைமணி நேரம் வேர்வை சேகரித்தார்கள். அதில் குளோரைடு அளவு 60-ஐத் தாண்டியிருந்தது. பிறகு மரபணுப் பரிசோதனையும் நடந்தது. 'சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ்' என்றார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் வரும். சளி பசைபோல் கெட்டியாகி நுரையீரலையும் கணையத்தையும் அடைக்கும். இது தொற்றுநோய் அல்ல.

"இது குழந்தைங்க நோய்னு நினைச்ச காலம் போச்சும்மா" என்றார் டாக்டர். இங்கிலாந்தில் இப்போது இந்நோயுள்ளவர்களில் பெரியவர்களே அதிகமாம். அவர்களுக்கென்றே தனி மையங்கள் உண்டாம். நம் நாட்டில் பெரிய ஆஸ்பத்திரிகளைத்தான் நாட வேண்டும். தம்பிக்குச் சளியை வெளியேற்றும் பயிற்சி சொல்லித் தந்தார்கள். சாப்பாட்டோடு போட என்ஸைம் மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரை நோய் வருகிறதா என்று அடிக்கடி பார்க்கச் சொன்னார்கள். நெய்யும் உப்பும் அவனுக்குக் கூடுதலாக வேண்டுமாம்! 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புது மாத்திரை நல்ல பலன் தருகிறதாம். விலைதான் நமக்கு எட்டாது.

கல்யாணத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். இந்நோயுள்ள ஆண்களில் பெரும்பாலோருக்கு இயல்பாகக் குழந்தை பிறக்காது, வைத்திய உதவி வேண்டியிருக்கும் என்றார்கள். எனக்கும் என் மகளுக்கும் அதே மரபணு ஒளிந்திருக்கலாம் என்பதையும் விளக்கினார்கள்.

திரும்பும் ரயிலில் தம்பியே சொன்னான்: "பாப்பாவை எனக்கு வேண்டாங்க்கா. எனக்குன்னு பார்க்கறப்ப, பொண்ணு வீட்டுல எதையும் மறைக்காமச் சொல்லீரலாம்." அம்மா இரண்டு நாள் அழுதாள். பிறகு காலையில் அவன் பயிற்சி செய்யும்போது பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள்.

சகோதரிகளே, குழந்தைக்கு ஓயாத சளி, எண்ணெய்ப் பிசுக்கான மலம், ஏறாத எடை, உப்புக் கரிக்கும் வேர்வை இருந்தால் வேர்வைப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இருபத்தாறு வருஷம் காத்திருக்க வேண்டாம்.