செந்தூல்: ஈயம் கொண்டுவந்த ஊர்

செந்தூலைப் பற்றிப் பேச வந்தவர்கள் வழக்கமாக ரயில்வே பட்டறையிலிருந்துதான் தொடங்குவார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் கூட்டு மாநில ரயில்வே தன் மத்தியப் பட்டறையை இங்கே அமைத்தது. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த நம்மவர்கள் பட்டறையிலும் தண்டவாளத்திலும் எழுத்தர் மேசையிலும் வேலைக்கு அமர்ந்தார்கள். குவார்ட்டர்ஸ் வந்தது, கோயில் வந்தது, ஊர் வந்தது. 1945இல் நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசிப் பட்டறையைச் சிதைத்தன. பழைய ரயில்வே கட்டடம் ஒன்றில் 2005 முதல் கோலாலம்பூர் நிகழ்கலை மையம் இயங்குகிறது.

இதெல்லாம் உண்மை. ஆனால் ரயில் ஏன் இந்தப் பக்கம் வந்தது என்று கேட்டால் நூறாண்டு வரலாறு போதாது, 20 கோடி ஆண்டுக்கு மேல் பின்னே போக வேண்டும்.

ரயில் வந்தது ஈயத்துக்காக. கோலாலம்பூரே 1857இல் ஈயம் தேடி வந்தவர்களால் உண்டான ஊர். தோண்டிய ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான் 1886இல் கிள்ளான் பாதை திறக்கப்பட்டது. அந்த ஈயம் பிறந்த இடம், கிழக்கே நீண்டு கிடக்கும் தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல். டிரயாசிக் காலத்தில் இரண்டு நிலத்தட்டுகள் மோதி இந்தத் தீபகற்பம் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய தழும்பு இன்றும் பகாங்கில் பெந்தோங், ரவுப் வழியாகச் செல்கிறது. அந்த மோதலின்போது பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு மெல்லக் குளிர்ந்து கருங்கல்லானது. அதன் விரிசல்களில் ஈயத்தாது படிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் அர்ஜென்டினாவில் ஈயோராப்டர், ஹெரேராசாரஸ் போன்ற முதல் டைனோசர்கள் நடமாடின.

பிறகு டைனோசர்கள் பெருகின, ராட்சத உருவெடுத்தன, 6.6 கோடி ஆண்டுக்கு முன் பறவைகளை மட்டும் மிச்சம் வைத்து மறைந்தன. அத்தனை காலமும், அதற்குப் பின்னும், மழை இங்கே மலையைக் கரைத்தது. மேல் பாறைகள் போய்க் கருங்கல் வெளியே வந்தது. எடை மிகுந்த ஈயமணிகள் ஆற்றோடு இறங்கிப் பள்ளங்களில் தங்கின. செந்தூலுக்குப் பக்கத்தில் இருக்கும் தித்திவாங்சா ஏரி அப்படித் தோண்டிய ஒரு பழைய ஈயக் குட்டைதான். டைனோசர் காலத்துக் கருங்கல் இல்லாவிட்டால் ஈயம் இல்லை, ஈயம் இல்லாவிட்டால் ரயில் இல்லை, ரயில் இல்லாவிட்டால் நம் தாத்தாக்கள் செந்தூலுக்கு வந்திருக்கப் போவதில்லை. இந்த ஊரின் தல வரலாறு என்று நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த ஈயம் தங்கிய பள்ளங்களின் பாறை கருங்கல்லைவிடப் பழைய கதை. செந்தூலின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். சிலூரியன் காலத்தில், 42 கோடி ஆண்டுக்கு முன், ஆழமில்லாத வெப்பக் கடலில் படிந்தது. அப்போது இந்த நிலம் கோண்டுவானா பெருங்கண்டத்தின் விளிம்பில், ஆஸ்திரேலியாவை ஒட்டிக் கிடந்தது. இந்தியாவும் அதே கண்டத்தில் ஒரு பகுதி. நாம் விட்டுவந்த மண்ணும் வந்து சேர்ந்த மண்ணும் ஒரு காலத்தில் ஒரே கரையைச் சேர்ந்தவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

மண்ணுக்கு மேலே அந்தப் பாறையைப் பார்க்க வேண்டுமானால் பத்துமலைதான். மழை பட்ட பக்கம் சாம்பல் நிறம். கீழே உதிர்ந்து கிடக்கும் சில்லைத் திருப்பிப் பார்த்தால் உடைந்த முகம் சீனிக்கட்டி போல வெள்ளையாக மின்னும். கருங்கல் குழம்பின் சூடு பட்டுச் சுண்ணாம்பு பளிங்காக மாறியதன் அடையாளம் அது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் பொடிப் பொடியாய்க் குமிழி வரும். மழைநீரும் இதே வேலையைத்தான் பொறுமையாகச் செய்து குகைகளைக் குடைந்தது. நகரத்துக்கு அடியிலும் இதே கரைசல்தான்: பாறை கூம்பு கூம்பாகவும் பொந்து பொந்தாகவும் இருக்கிறது. பெட்ரோனாஸ் கோபுரங்களைக்கூடத் திட்டமிட்ட இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் நகர்த்தித்தான் கட்டினார்கள்.

பத்துமலை இருட்டுக் குகையில் வயிற்றின் மேல் வரிசையாகத் தகடுகள் கொண்ட பொறிக்கதவுச் சிலந்தி ஒன்று வாழ்கிறது. லிஃபிஸ்தியஸ் பட்டுவென்சிஸ் என்று பெயர். அதன் குலம் டைனோசர்களுக்கும் முந்தியது.

அப்படியானால் செந்தூலில் டைனோசர் எலும்பு கிடைக்குமா? கிடைக்காது. அடியில் உள்ள சுண்ணாம்பு டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே படிந்தது. கருங்கல் ஆழத்தில் உறைந்தது, அதில் எந்த உயிரும் புதைய வழியில்லை. டைனோசர் காலத்தில் இந்தப் பக்கம் அரிபட்டுக்கொண்டிருந்த மலை. வண்டல் சேர்ந்த இடங்கள் கிழக்கே, பகாங், திரெங்கானு பக்கம். மலாயாப் பல்கலைக்கழக நிலவியல் துறையின் மசாதோஷி சோனே தலைமையிலான குழு ஜப்பானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2012இல் பகாங்கில்தான் மலேசியாவின் முதல் டைனோசர் புதைபடிவத்தைக் கண்டெடுத்தது. 2014 பிப்ரவரியில் அறிவித்தார்கள். 23 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு பல்! மீன் தின்னும் ஸ்பைனோசாரிட் வகை, கிரெட்டேசியஸ் காலத்தது. தாய்லாந்தில் கிடைத்த சியாமோசாரசுக்கு உறவு. தமிழ்நாட்டில் அரியலூர் வட்டாரக் கல்லமேட்டில் கிடைத்து 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிடப்பட்ட ராட்சத எலும்புகளும் கிரெட்டேசியஸ் காலத்தவைதான்.

நிலம் மாறுவது அதோடு நிற்கவில்லை. 20,000 ஆண்டுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணை இல்லை. சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் நடந்தே போகலாம். அதற்கும் முன்பு, ஏறத்தாழ 60,000 ஆண்டுக்கு முன், இங்கே ஓராங் ஊத்தான் வாழ்ந்ததற்குப் பத்துமலைக் குகையில் கிடைத்த பற்களே சான்று. 2013இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

தைப்பூச ரதத்தின் பின்னால் ஈப்போ சாலை வழியே நடந்துபோகும் நம் பிள்ளைகளுக்குப் பத்துமலையின் 272 படி தெரியும். அந்தப் படி ஏறும் பாறைக்கு 42 கோடி வயது என்று பாடப்புத்தகத்துக்கு வெளியே யாராவது சொல்ல வேண்டும். இந்த வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்: ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை நிலவியல் பயணமாக அங்கே அழைத்துச் செல்லுங்கள். பெரிய செலவில்லை, செந்தூலிலிருந்து கம்யூட்டர் ரயிலில் ஏறினால் பத்துமலை நான்காவது நிலையம்.