கழனிக்குத் திரும்பிய சைக்கிள்

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் பேருந்தில் ஏறினால், பெருநகரைத் தாண்டியதும் மானாம்பதி வரும். உத்திரமேரூர் தாலுகாவின் மேற்குப் பக்கத்து ஊர். ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கலந்த பூமி. தண்ணீர் இருந்தால் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று நெல்லைப் பற்றியே பேச்சு. தண்ணீர் குறைந்தால் மணிலாவும் காய்கறியும். வானசுந்தரேஸ்வரர் கோயில் மணி அடிக்கும் நேரத்துக்கு, ஊரில் பாதிப் பேர் கழனிக்குக் கிளம்பியிருப்பார்கள்.

முன்பு அந்த நேரத்தில் தெருவில் கேட்டது சைக்கிள் மணி. இப்போது கேட்பது பைக்குகளின் சத்தம். அந்த பைக்குகளுக்கு நடுவே, கேரியரில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு பழைய கறுப்புச் சைக்கிளும் ஓர் ஆண்டாகப் போய் வருகிறது. ஓட்டுபவர் 54 வயது நெல் விவசாயி. ஊருக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி, இரண்டரை ஏக்கர் வைத்திருக்கிறார்.

வீட்டு வாசலில் தெரிந்த சர்க்கரை

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதன் பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் கிராமத்து வாசல்களுக்கே வரத் தொடங்கின. ஓர் ஆடி மாதத்தில் அப்படி வந்த பெண் ஊழியர், விவசாயியின் மனைவிக்குத்தான் பார்க்க வந்தார். "அண்ணா, நீங்களும் விரலைக் காட்டுங்க" என்று கேட்டு ஊசியால் குத்தினார். கருவியில் 286 என்று வந்தது.

"நமக்கு எப்படிம்மா சர்க்கரை வரும்? தினமும் கழனிக்குப் போறவன் நான்."

"எதுல போறீங்கண்ணா?" என்றார் அந்தப் பெண்.

அவரிடம் பதில் இல்லை. காலையில் பைக்கில் போய் மோட்டாரைப் போடுவார். மதியம் பைக்கில் போய் நிறுத்துவார். மாலையில் ஒருமுறை பைக்கில் போய்ப் பார்த்து வருவார். உழுவது டிராக்டர், அறுப்பது இயந்திரம், நடுவதும் களையெடுப்பதும் கூலி ஆட்கள். அவருடைய அப்பா காலத்தில் ஏர் பின்னால் நடந்தே நாள் முழுக்கக் கழியும். அந்த உழைப்பு போய்விட்டது. அதற்கு ஏற்ற மூன்று வேளைச் சோறு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய ஆய்வு 2023-ல் தெரிவித்தது. அது பட்டணத்து நோய் என்று கிராமத்தில் இனி யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

அவரை உலுக்கியது இந்தக் கணக்கு அல்ல. அவருடைய அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. காலில் உணர்ச்சி குறைந்து போனதால், கழனியில் குத்திய முள் அவருக்குத் தெரியவே இல்லை. புண் ஆறவில்லை. முதலில் விரல் போனது, பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கடைசி ஆறு வருஷம் திண்ணையில் உட்கார்ந்தபடியே, "மடையைத் திறந்தாச்சா, வரப்பைக் கட்டியாச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் திண்ணை இப்போதும் இருக்கிறது.

மாட்டுக் கொட்டகையில் கிடந்த சைக்கிள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், தினம் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். கால் மணி நேரம் நடந்ததுமே முழங்கால் வலித்தது. "சைக்கிள் இருந்தா மிதிங்க. உடம்புப் பாரத்தை சீட் தாங்கிக்கும், முட்டிக்குச் சுமை குறையும்" என்றார் மருத்துவர்.

சைக்கிள் இருந்தது. அப்பா வாங்கிய ஹெர்குலஸ், 28 இஞ்சு சக்கரம். பார் வழியே காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்து அவர் சைக்கிள் கற்றதும் அதில்தான். பைக் வந்த பிறகு அது மாட்டுக் கொட்டகைக்குப் போய், அதன் மேல் கோழி அடைந்துகொண்டிருந்தது.

தள்ளிக்கொண்டு போய்ச் சைக்கிள் கடையில் விட்டார். கடைக்காரர் அவரைவிட இளையவர். "இன்னாண்ணா இது, பைக்க வித்துட்டீங்களா?" என்று சிரித்தார். கதை கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினார். இரண்டு டயர், டியூப், செயின், பிரேக் கட்டை புதிதாகப் போட்டு, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, முழு ஓவராயிலிங் செய்ததில் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது.

"சீட்டைக் கொஞ்சம் தூக்கி வைக்கிறேண்ணா. பெடல் அடியில இருக்கும்போது குதிகாலை வச்சா கால் நீட்டமா இருக்கணும். அப்பத்தான் மிதிக்கும்போது முட்டி லேசா மடங்கும். சீட்டு தாழ்ந்திருந்தா முட்டிதான் வாங்கும்."

பணத்தைக் கொடுப்பது எளிதாக இருந்தது. தெருவில் ஓட்டுவதுதான் கஷ்டம். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கிராமத்தில் பைக் ஓட்டியவர் சைக்கிளுக்கு மாறினால், கடன் முற்றிவிட்டது என்றுதான் பேசுவார்கள். முதல் பத்து நாள் இருட்டு விலகுவதற்கு முன்பே கிளம்பினார், யார் கண்ணிலும் படக் கூடாதென்று. பிறகு கடன் கொடுத்தவர் ஒருவரே டீக்கடையில் வைத்து, "நானும் பாத்தேன், எனக்கும் எரநூறுக்கு மேல இருக்குது" என்று சொன்னார். அதன் பிறகு இருட்டில் கிளம்ப வேண்டியிருக்கவில்லை.

உடம்புக்குள் நடப்பது

சைக்கிள் மிதிக்கும்போது அதிகம் உழைப்பது தொடையும் இடுப்பும். உடம்பிலேயே பெரிய தசைகள் அவைதான். உழைக்கும் தசை, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ள இன்சுலினை மட்டும் நம்பி நிற்பதில்லை, தானாகவே இழுத்துக்கொள்ளும். ஓட்டி முடித்த பிறகும் பல மணி நேரம் அந்தத் தசைகளில் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அதனால் வாரத்தில் ஒருநாள் நெடுந்தூரம் போவதைவிட, அநேகமாக எல்லா நாளும் கொஞ்சம் மிதிப்பதே பலன் தரும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு.

ஐம்பதைத் தாண்டிய பிறகு தொடங்கினால் பயன் உண்டா என்ற சந்தேகம் பலருக்கும் இருக்கிறது. சைக்கிளுக்குப் பேர்போன டென்மார்க் நாட்டில் 50 முதல் 65 வயது வரையுள்ள 52,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்பு ஓட்டாமல் இருந்து அந்த வயதில் புதிதாக ஓட்டத் தொடங்கியவர்களுக்கு, ஓட்டாமலே இருந்தவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவிகிதம் குறைவாக இருந்தது. அது முழுக்கச் சைக்கிளால்தான் என்று அறுதியிட முடியாது. ஆனால் 'இனிமேல் என்ன' என்று விட்டுவிட வேண்டியதில்லை என்பது தெளிவு.

மானாம்பதிக்காரருக்கு இந்த நிமிடக் கணக்கு கழனியிலேயே முடிந்துவிட்டது. காலையும் மாலையும் போய் வந்தால் எட்டு கிலோமீட்டர், சுமார் நாற்பது நிமிடம். பெட்ரோலில் மாதம் ஐந்து லிட்டர் மிச்சம். மதிய வெயிலுக்கு மட்டும் பைக்.

வரப்போரம் நடுங்கிய கால்

எல்லாம் சுலபமாகப் போகவில்லை. ஆவணியில் ஒருநாள், மும்முனை மின்சாரம் வந்துவிட்டது என்று அவசரமாகக் கிளம்பினார். மாத்திரையைப் போட்டுக்கொண்டார், சாப்பிடவில்லை. ஏரிக்கரை ஏற்றத்தில் மிதிக்கும்போது கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் மங்கியது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நடவுக்கு வந்த பெண்கள் பார்த்து ஓடிவந்தார்கள். "சித்தப்பா, சர்க்கரை எறங்கிப் போயிருக்குது, இத குடிங்க" என்று ஒருத்தி தூக்கில் வைத்திருந்த இனிப்பு டீயை ஊற்றிக் கொடுத்தாள். பத்து நிமிடத்தில் தெளிந்தார். அன்று பைக் ஓட்டியிருந்தாலும் இது நடந்திருக்கலாம். சாலையில் நடந்திருந்தால் ஆபத்து. அதிலிருந்து சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை இல்லாமல் கிளம்புவதில்லை. மருத்துவரிடம் சொல்லி மாத்திரை நேரத்தையும் மாற்றிக்கொண்டார்.

ஐப்பசி அடைமழையில் கழனிப் பாதை சேறாகி, மூன்று வாரம் சைக்கிள் நின்றுபோனது. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. மழை விட்டதும் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கினார்.

சைக்கிளின் வேகத்தில் ஒரு லாபமும் இருந்தது. பைக்கில் போனால் பம்பு செட்டில்தான் போய் நிற்போம். சைக்கிளில் போனால் வரப்பு கண்ணில் படும். எலி வங்கு, வாய்க்காலில் ஒழுகும் இடம், ஒரு மூலையில் மட்டும் நிறம் மாறிய பயிர் எல்லாம் தெரியும். கார்த்திகையில் இப்படிப் போகும்போதுதான் அங்கங்கே நடுக்குருத்து காய்ந்திருப்பதைப் பார்த்தார். இழுத்தால் கையோடு வந்தது, தண்டுத் துளைப்பான். பரவுவதற்கு முன்பே கண்டதால், வேளாண் அலுவலகத்தில் கேட்டு டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை கட்டினார். அந்தப் போகத்தில் அந்தப் பூச்சிக்கு மருந்து அடிக்க வேண்டியிருக்கவில்லை.

உத்திரமேரூர் ஏரிக்கரை வரை

தைப்பூசத்தன்று பெருநகர்ச் செய்யாற்றில் சுற்றுவட்டாரச் சுவாமிகள் எல்லாம் வந்து கூடும். எப்போதும் பேருந்தில் போகிறவர், அந்த வருடம் சைக்கிளில் போனார். கல்குவாரி லாரிகள் போகும் சாலை என்பதால், கூட்டம் சேர்வதற்கு முன்பே இடது ஓரமாக, பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போய், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட்டார். ஆற்று மணலில் சைக்கிளைத் தள்ளியபோது மூச்சு வாங்கவில்லை. அதுதான் அவருக்கே வியப்பாக இருந்தது.

அடுத்து மாசியில், அறுப்பு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, உத்திரமேரூர். பத்து கிலோமீட்டருக்கு மேல். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மிதித்து, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்து, வைகுண்டப் பெருமாள் கோயில் வாசலில் இறங்கினார். பராந்தக சோழன் காலத்து, 919 மற்றும் 921-ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டுகள் அந்தச் சுவரில்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் இந்த முறை அங்கிருந்தவர் விளக்கியபோது ஒரு செய்தி அவர் காதில் தனியாக விழுந்தது. வாரியத்துக்கு நிற்பவருக்கு 35-க்கு மேல் 70-க்குள் வயது இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர்.

"அப்ப எனக்கு இன்னும் பதினாறு வருஷம் இருக்குது" என்று அவர் சொன்னதும், விளக்கியவர் சிரித்துவிட்டார்.

பிறகு, பல்லவர் காலத்தில் வைரமேக தடாகம் என்று பெயர் பெற்ற பெரிய ஏரியின் கரையில் போய் உட்கார்ந்து, கட்டி வந்த கேழ்வரகு அடையைச் சாப்பிட்டார். கால் விரல்களைப் பிரித்து, வெடிப்போ கீறலோ இருக்கிறதா என்று பார்த்தார். தினமும் பார்ப்பதுதான். கழனியிலும் இப்போது ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்குவதில்லை, சேற்றில் இறங்கும்போது தவிர. சேற்றிலிருந்து ஏறியதும் கழுவித் துடைத்துப் பார்த்துவிடுவார்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

முதல் வாரம் பத்து நிமிடம் போதும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். சைக்கிள் ஓட்டுகிறோம் என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. நெஞ்சு இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, தலைசுற்றல் வந்தால் இறங்கிவிட வேண்டும். தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வரப் பார்க்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். காலில் ஆறாத புண் இருந்தால் அது ஆறும் வரை பொறுக்க வேண்டும். புதுச் சைக்கிள் தேவையில்லை. பிளஸ் ஒன் படித்த பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி எத்தனையோ வீடுகளில் சும்மா நிற்கிறது.

மானாம்பதி வீட்டிலும் ஒன்று நின்றது, மகளுடையது. ஓர் ஆண்டு முடிந்தபோது விவசாயியின் எடை 81-லிருந்து 75 கிலோவாகவும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.6-லிருந்து 7-ஆகவும் இறங்கியிருந்தது. மாத்திரை தொடர்கிறது. "ஒழுங்கா போட்டுக்கிட்டு, ஒழுங்கா மிதிங்க" என்று மட்டும் மருத்துவர் சொன்னார். பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்த அவர் மனைவி, மறுநாள் காலை மகளின் சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தார். அவருக்கும் ரத்த அழுத்தம் உண்டு. சைக்கிள் ஓட்டி முப்பது வருஷமாயிற்று.

"நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வர்றேன்" என்றார்.

"நீ முன்னால போ. விழுந்தா நான் பாக்கணும் இல்ல" என்று இவர் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார்.