தீயும் தாழ்வாரமும்

விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர்களுக்குத் தீயென்றால் தனியானதோர் அச்சம் உண்டு. பாபநாசத்து அருவி நீரின் வலிமையை நம்பி, 1880களில் ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை தொடங்கிய காலம் முதல் எங்கள் ஊர் பஞ்சோடு வாழ்ந்து வந்தது. வீட்டிலே பெண்மக்கள் பீடி சுற்றுவார்கள்; ஆலைக்குப் போகும் ஆண்மக்களோ பஞ்சின் அருகில் அந்தப் பீடியைப் பற்றவைக்கக் கூடாது. ஒரு பொறி போதும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

2022 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் தீப்பற்றிய செய்தியை அந்த அச்சத்தோடுதான் படித்தேன். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கைவிரித்தபின் நம் பக்கத்து மக்கள் நோயாளியோடு ரயிலேறிப் போய்ச் சேரும் இடமல்லவா அது! கம்பெனியின் நோயுற்ற சிப்பாய்களுக்காக 1664இல் கோட்டைக்குள் தோன்றி, 1772இல் இப்போதுள்ள இடத்திற்கு வந்தது. அங்கே நூறாண்டு கடந்த ஒரு கட்டடத்தின் சேமிப்பு அறையில் தீ மூண்டு, ஆக்சிஜன் உருளைகள் வெடித்தன. எனினும் முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஊழியர்கள் வெளியே கொண்டு வந்துவிட்டார்கள். ஓர் உயிரும் போகவில்லை.

உடனே, "பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளுங்கள்" என்ற குரல் எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மருத்துவமனைக்கு அருகிலேயே இருந்த மூர் மார்க்கெட்டை 1985இல் தீ தின்றது. பழைய புத்தகம் தேடிப் போனவர்களுக்கு அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை. தீ விட்டுவைத்ததையும் நாமே இடிக்க வேண்டுமா?

கல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனை பழையதன்று. குளிர்சாதனமும் கண்ணாடிச் சுவர்களும் கொண்ட புதுமைக் கட்டடம். வண்டிகள் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியும் பொருள்களை அடைத்து வைத்திருந்தார்கள். 2011 டிசம்பர் 9ஆம் நாள் விடியுமுன் அங்கே பற்றிய தீயின் புகை மாடிகளெங்கும் ஏறியது; வெளியேற வழியின்றி ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, புகை. வெள்ளைக்காரர் காலத்து வார்டுகளின் உயர்ந்த கூரையும் திறந்த தாழ்வாரமும் புகைக்கு வழிவிடும். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடவும் இடம் தரும். அவற்றின் பகை வயதல்ல. எப்போதோ இழுத்த மின்கம்பியில் இன்றைய இயந்திரங்களையெல்லாம் மாட்டுவதும், மூலை முடுக்கெல்லாம் சாமான் அடைப்பதுமே பகை.

ஏர்வாடியையும் சொல்லத்தான் வேண்டும். நம் நெல்லைச் சீமை ஏர்வாடியல்ல, இராமநாதபுரத்து ஏர்வாடி. தர்காவை நம்பி எல்லா மதத்தாரும் மனநோயுற்ற பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட ஊர். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை அங்கிருந்த காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் அவர்கள். எங்கே ஓடுவார்கள்? அந்தச் சங்கிலியை மாட்டியது தீயல்ல.

சென்ற ஆண்டு உறவினர் ஒருவரைப் பார்க்கத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போயிருந்தேன். பளபளக்கும் தரை, பின்படிக்கட்டின் கதவிலோ பெரிய பூட்டு. சாவி யாரிடம் என்று காவலாளியைக் கேட்டேன்.

"மேனேஜர்கிட்ட இருக்கு பாய். அவரு ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிருவாரு" என்றார்.